யூலிமிட்டா, சிகுரூப்பா: மேசைக் கணினிக்கு நினைவக வரம்பு

மதுரை மேலமாசி வீதியில் நாங்கள் நடத்தும் அழைப்பிதழ்க் கடையின் 4 ஜிபி லினக்ஸ் கணினி, முகூர்த்த நாட்கள் நெருங்கும்போது பிரவுசரும் படத்திருத்த மென்பொருளும் சேர்ந்து நினைவகத்தை நிரப்பிவிட, மவுஸ்கூட நகராமல் உறைந்துவிடும். இதைத் தடுக்க, நிரல்களுக்கு வரம்பு விதிக்க யூலிமிட், சிகுரூப் என்று இரு வழிகள் உண்டு.

கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் ஷெல்லில் ஒரே வரியில் இடும் யூலிமிட் பழையது, எளியது; ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறோர் இயங்குதளத்திலும் கிடைக்கும். ஆனால் அது ஒவ்வொரு புராசஸையும் (இயங்கிக்கொண்டிருக்கும் நிரல் அலகையும்) தனித்தனியாகவே அளப்பதால், பத்தாகப் பிரியும் பிரவுசருக்கு 1 ஜிபி என்று விதித்தாலும் ஒவ்வொன்றும் 1 ஜிபி வரை செல்லலாம். அதைவிடப் பெரிய குறை, லினக்ஸில் அது கட்டுப்படுத்துவது உண்மையில் நிரம்பிய நினைவகத்தை அன்று, நிரல் தனக்கென ஒதுக்கி வைத்துக்கொள்ளும் முகவரிகளின் மொத்தமான முகவரிவெளியை; இன்றைய பிரவுசர்கள் அதைத் தாராளமாக முன்பதிவு செய்வதால் தொடங்கும்போதே நின்றுவிடக்கூடும். முடிவின்றிச் சுழலும் ஸ்கிரிப்டை நிறுத்த மட்டும் அதன் சிபியு விநாடி வரம்பு நன்கு உதவுகிறது.

2008-இல் லினக்ஸின் மையப்பகுதியான கர்னலில் சேர்ந்த சிகுரூப், புராசஸ்களைக் குழுவாக்கி அக்குழுவின் மொத்தப் பயன்பாட்டைக் கணக்கிடுகிறது. லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி வழியாக ‘மெமரிஹை’ என்ற வரம்பை விதித்தால், அதைத் தாண்டும் நிரல் உடனே சாகாமல் மெதுவாகிறது. அதற்கும் மேலே வைக்கும் ‘மெமரிமேக்ஸ்’ என்ற இறுதி எல்லையில் இடம் மீட்க முடியாதபோதுதான் கர்னல் அதைக் கொல்கிறது. சேமிக்காத பத்திரிகை வடிவமைப்பு திறந்திருக்கும் கடைக்கு அந்த இடைவெளியே பெரிய பாதுகாப்பு. ஒரு வேலைநாள் முழுதும் குழுக்களின் பயன்பாட்டைக் காட்டும் சிஸ்டம்டி சிஜிடாப் கருவியில் அவற்றின் உச்ச அளவைக் கவனித்து, அதற்குச் சற்று மேலே ‘மெமரிஹை’ வைத்தோம்.