செட்அப்டூல்ஸ்: தொகுப்புக்குள் தொகுப்பு இருக்கும்போது

தொகுப்புக்குள் தொகுப்பாக (பைத்தான் கோப்புகள் இருக்கும் கோப்புறையே தொகுப்பு) மூன்று அடுக்கு ஆழம் செல்லும் ஒரு பைத்தான் நிரலை, பிறர் நிறுவக்கூடிய வடிவில் கட்டித் தரும் கருவியான செட்அப்டூல்ஸ் கொண்டு நெடுநாளாகக் கட்டி வெளியிட்டு வருகிறேன். அந்த ஒரு வேலையில் அது எப்படி உழைக்கிறது என்பதே இந்த மதிப்புரை.

எவற்றைச் சேர்த்துக் கட்ட வேண்டும் என்று சொல்லும் செட்அப் ஸ்கிரிப்டில் (setup.py) தாய்த் தொகுப்பின் பெயரை மட்டும் எழுதினால் உள்ளே இருப்பவை தாமாகச் சேர்வதில்லை. ஒவ்வொரு துணைத் தொகுப்பையும் புள்ளியிட்ட முழுப் பெயரோடு தனித்தனியே எழுத வேண்டும். இந்தச் சுமையை ஃபைண்ட் பேக்கேஜஸ் என்ற செயற்கூறு ஏற்றுக்கொள்கிறது என்றாலும், தொகுப்பு என்று அடையாளம் காட்டும் இனிட் கோப்பு (__init__.py) இருக்கும் கோப்புறையை மட்டுமே அது தொகுப்பாக மதிக்கும். நடு அடுக்கு ஒன்றில் அந்தக் கோப்பை வைக்க நான் மறந்திருந்தேன். அந்த அடுக்கும் அதற்குக் கீழே இருந்த அனைத்தும் வெளியீட்டில் இல்லாமல் போயின. பில்ட், அதாவது கட்டும் பணி, எந்தப் பிழையும் காட்டாமல் முடிந்தது. என் கணினியில் எடிட்டபிள் முறையில் நிறுவியிருந்ததால் மூலக் கோப்புறையிலிருந்தே எல்லாம் ஓடின, பைத்தான் 3.3 முதல் இனிட் கோப்பு இல்லாத கோப்புறையையும் இம்போர்ட் செய்ய முடியும் என்பதால் குறை கண்ணில் படவே இல்லை. வேறு கணினியில் நிறுவிய நண்பர் ‘மாட்யூல் நாட் ஃபவுண்ட்’ என்ற பிழையை அனுப்பிய பிறகே எனக்கு விளங்கியது. மொழி ஏற்றுக்கொள்ளும் ஒரு கோப்புறையை, நிரலைக் கட்டும் கருவி ஓர் எச்சரிக்கைகூட இல்லாமல் விட்டுவிடுவதை நான் பெரிய குறையாகவே கருதுகிறேன்.

2018-இல் வந்த ஃபைண்ட் நேம்ஸ்பேஸ் பேக்கேஜஸ் என்ற செயற்கூறு இனிட் கோப்பைக் கேட்பதில்லை. ஆனால் நிரல் திட்டத்தின் வேர்க் கோப்புறையிலேயே இருந்தால், சோதனைகளும் ஆவணங்களும் இருக்கும் கோப்புறைகளைக்கூட அது அள்ளிக்கொள்ளும். ஆகவே நிரல் முழுவதையும் ‘எஸ்ஆர்சி’ (src) கோப்புறைக்குள் நகர்த்திவிட்டு, தேடலை அங்கிருந்து தொடங்கச் சொல்வதே நல்லது. 2022-இல் வெளியான 61-ஆம் பதிப்பு முதல் திட்டத்தின் அமைப்புகளை எழுதும் பைபுராஜெக்ட் டாமல் (pyproject.toml) கோப்பிலேயே இதை எழுதலாம். ‘எஸ்ஆர்சி’ அமைப்பாக இருந்தால் தொகுப்புகளைக் குறிப்பிடாவிட்டாலும் அதுவே கண்டுபிடித்துக்கொள்கிறது. என் பழைய ஸ்கிரிப்டில் நாற்பது வரிக்கு நீண்டிருந்த பெயர்ப் பட்டியல் இதனால் முற்றிலும் நீங்கியது; இந்த ஒன்றுக்காகவே புதிய பதிப்புக்கு மாறுவதை மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

பில்டின் முடிவில் கிடைக்கும், நிறுவத் தயாரான வீல் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் கோப்புதான் என்பதால், வெளியிடும் முன் அதன் உள்ளடக்கத்தைப் பட்டியலிட்டு ஒவ்வொரு துணைத் தொகுப்பும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அதற்கும் முன், வீலைக் கட்டத் தொடங்கும்போதே, பழைய ‘பில்ட்’ கோப்புறையை அழித்துவிடுங்கள். நீங்கள் நீக்கிவிட்ட கோப்புகள் அதில் தங்கியிருந்து புதிய வீலுக்குள் மீண்டும் நுழைந்துவிடக்கூடும்.