மூழ்கிப்போன அடகு மிஷின் என்று சொல்லி விற்றால் நம்பி வாங்காதீர்கள்

ஏசி, பிளம்பிங், எலக்ட்ரிக்கல், கார்பென்டர் வேலை பார்க்கும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னையில் சில அடகுக் கடைகளில் இப்போது நகையோடு சேர்த்து டிரில், கட்டர், கிரைண்டிங் மிஷின், ஹாமர் மிஷின் (அடித்துக்கொண்டே சுவரில் ஓட்டை போடுவது) எல்லாம் கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறார்கள். "மூழ்கிப்போன அடகு சார். வேலைக்காரங்க வச்ச பொருள், பாதி விலைக்குத் தர்றேன்" என்பார்கள், அதாவது வைத்தவர் திருப்ப வராமல் விட்ட பொருளாம். அந்தப் பேச்சை நம்பிக் காசை எடுக்காதீர்கள். என்னிடம் அப்படித்தான் ஒரு ஹாமர் மிஷினைத் தலையில் கட்டினார்கள். காசு போனதுகூடப் பெரிதில்லை. என்னோடு வேலை செய்யும் பையன் கையை இழந்திருப்பான்.

எனக்கு ஏசி மாட்டுகிற வேலை. மார்ச் பிறந்துவிட்டால் எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. காப்பர் பைப்பும் டிரெயின் பைப்பும் வெளியே போக ஒவ்வொரு வீட்டிலும் சுவரில் ஓட்டை போட வேண்டும், அவுட்டோர் யூனிட் ஸ்டாண்டுக்கு ஆங்கர் அடிக்க வேண்டும். ஒரே நாளில் இரண்டு சைட் ஓட்ட இன்னொரு ஹாமர் மிஷின் தேவைப்பட்டது. வடசென்னையில் நான் வழக்கமாகப் போகும் பாதையில் இருந்த ஒரு அடகுக் கடையில், பெயர்பெற்ற கம்பெனி ஸ்டிக்கரோடு ஒன்று இருந்தது. 26 எம்.எம்., எஸ்.டி.எஸ். பிளஸ் (ஓட்டை போடும் பிட்டை மாட்டுகிற முறை), 800 வாட்ஸ். விலை 4,800 ரூபாய். புதுசு அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல்.

கடைக்காரர் சொன்ன கதை இது: ஒரு கொத்தனார் மழைக்காலத்தில் வைத்தார், வட்டியும் கட்டவில்லை, திருப்பவும் வரவில்லை. கேட்கிற யாரும் நம்பக்கூடிய கதைதான். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் சைட்டில் வேலை நின்றுவிடும். கையில் காசு இல்லாதபோது முதலில் வெளியே போவது மனைவியின் கம்மல், அதுவும் இல்லையென்றால் மிஷின். எனக்குத் தெரிந்த டைல்ஸ் வேலைக்காரர் ஒருவர் கட்டரை வைத்துத்தான் பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டினார். ஒன்று சொல்ல வேண்டும். 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவில், கடனுக்காகக்கூடத் தொழிலாளியின் கருவிகளை கோர்ட் ஜப்தி செய்யக்கூடாது என்று இருக்கிறது. அவன் பிழைக்கிற வழியைப் பிடுங்கக்கூடாது என்பதற்காக வைத்த பாதுகாப்பு அது. அப்படிப்பட்ட பொருளை அவனே கொண்டுபோய்க் கொடுக்கிறான் என்றால் எவ்வளவு நெருக்கடி இருந்திருக்க வேண்டும்! அந்த நெருக்கடியைத்தான் இவர்கள் விற்பனைப் பேச்சாக ஆக்கியிருக்கிறார்கள்.

கடையிலேயே பிளக்கில் சொருகி ஓட்டிக் காட்டினார். நன்றாகச் சுற்றியது. ஒரு செங்கல்லைக் கீழே போட்டு அடித்துக் காட்டினார், பட்டென்று உடைந்தது. பில் கேட்டதற்கு, கடைப் பெயர் இல்லாத எஸ்டிமேட் தாளில் 'ஹாமர் மிஷின் ஒன்று' என்று எழுதிக் கொடுத்தார். ஜிபேயில் ஸ்கேன் செய்தால் கடைப் பெயர் வராமல் வேறு யாரோ ஒருவர் பெயர் வந்தது. தம்பி அக்கவுண்ட் என்றார்.

மறுநாள் பெருங்குடிப் பக்கம் ஒரு அபார்ட்மென்ட்டில் வேலை. பீமை ஒட்டிய இடம், கான்கிரீட். முதல் ஓட்டை போட்டோம், இரண்டாவதும் போட்டோம். மூன்றாவது ஓட்டையில் மிஷின் சுற்றுகிறது, ஆனால் அடி இல்லை. சத்தமே மாறிவிட்டது. பின்பக்கக் காற்றுத் துவாரத்தில் நீலமும் ஆரஞ்சுமாக வட்டம் போட்டுப் பொறி. வார்னிஷ் கருகும் வாடை. பையன் அடி விழவில்லையே என்று உடம்பைச் சாய்த்து அழுத்தியிருக்கிறான். பிட் போய் உள்ளே இருந்த கம்பியில் மாட்டிக்கொண்டது. அந்த நேரத்தில் நல்ல மிஷினாக இருந்தால் கிளட்ச் விட்டுவிடும். கடகடவென்று சத்தம் வருமே தவிர கையைத் திருப்பாது. இதில் கிளட்ச் விடவில்லை. பிட் நின்றது, மிஷின் சுற்றியது. ஸ்டூலில் நின்றிருந்தவன் கை முறுக்கிக்கொண்டு கீழே விழுந்தான். பால்கனியின் உள்பக்கம் விழுந்தான் என்பதால் உயிரோடு இருக்கிறான். மணிக்கட்டில் எலும்பு விலகல், மாவுக்கட்டு, சீசன் முழுக்க வேலைக்கு வர முடியவில்லை. பத்தொன்பது வயது. அவன் அம்மாவிடம் போய் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன்.

அப்புறம் மண்ணடியில் மோட்டார் வைண்டிங் பார்க்கிற ஒரு பாயிடம் மிஷினைக் கொண்டுபோனேன். வருஷக்கணக்காக எங்கள் மிஷினெல்லாம் அவர் கைதான். நாலு ஸ்க்ரூவைக் கழற்றி, மோட்டாரில் சுற்றுகிற பாகமான ஆர்மேச்சரை வெளியே எடுத்து டியூப் லைட் அடியில் பிடித்து, அதில் கரண்ட் வாங்குகிற செம்பு வளையமான கம்யூட்டேட்டரைக் காட்டினார்.

"பார் தம்பி, கம்யூட்டேட்டர் பளபளன்னு இருக்குல்ல? ஓடுற மிஷின்ல அது பழுப்பா இருக்கணும். இது எமரி பேப்பர் போட்டுத் தேய்ச்சது. இந்த ரெண்டு செம்புப் பட்டைக்கு நடுவுல கறுப்பு பார், அங்கதான் எரிஞ்சிருக்கு. மேல சிவப்பு வார்னிஷ் அடிச்சு மூடிட்டாங்க."

காயிலை நகத்தால் சுரண்டிக் காட்டினார். உள்ளே வெள்ளையாக இருந்தது. செம்புக் கம்பிக்குப் பதில் அலுமினியக் கம்பி சுற்றியிருக்கிறார்கள். பேரிங்கில் கம்பெனி பெயரே இல்லை. அடி ஏன் நின்றது என்றும் விளக்கினார். ஹாமர் மிஷினுக்குள் பிஸ்டன் காற்றை அழுத்துகிறது, அந்தக் காற்றுதான் ஸ்ட்ரைக்கரைத் தள்ளி பிட்டின் பின்னால் அடிக்கிறது. காற்று கசியாமல் பிடிப்பது ஓ-ரிங் என்கிற சின்ன ரப்பர் வளையம். அது தேய்ந்துவிட்டால் மாற்ற வேண்டும். இவர்கள் மாற்றவில்லை, கெட்டியான கிரீஸை அப்பி வைத்திருந்தார்கள். மிஷின் குளிர்ந்திருக்கும்வரை கிரீஸ் காற்றைப் பிடிக்கும், அடி விழும். சூடேறி கிரீஸ் இளகியதும் காற்று கசிந்து அடி நின்றுவிடும். கடையில் ஒரு செங்கல் உடைக்கிற நேரத்துக்கு அது சூடாகவே ஆகாது.

கிளட்ச்தான் எல்லாவற்றிலும் மோசம். தேய்ந்த கிளட்ச் சீக்கிரம் வழுக்கும், கடையில் ஓட்டும்போதே தெரிந்துவிடும். அது தெரியக்கூடாது என்று ஸ்பிரிங்குக்கு அடியில் கூடுதலாக வாஷர் போட்டு இறுக்கியிருந்தார்கள். பாய் அந்த வாஷரை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஐம்பது காசு அகலம்கூட இல்லை. ஒரு பையனின் கையை முறுக்கிப் போட்டது அதுதான்.

"இது எந்தக் கொத்தனாரும் வச்ச மிஷின் இல்ல தம்பி. காயலான் கடையில எடைக்கு எடுத்து, மூணு மிஷின் பாகத்தை ஒண்ணாக்கி, புது ஸ்டிக்கர் ஒட்டியிருக்காங்க" என்றார்.

ஸ்டிக்கரின் ஓரத்தைப் பார்த்தால் பழைய ஸ்டிக்கரின் பசைத் தடம் கொஞ்சம் பெரிய அளவில் தெரிந்தது.

கடைக்குத் திரும்பப் போனேன். "அடகுச் சரக்குக்கு கேரண்டி கிடையாது" என்றார். சரி, அடகுச் சரக்கு என்றால் அடகுச் சீட்டு நம்பரையும் ஏலம் விட்ட கணக்கையும் காட்டுங்கள் என்றேன். முகம் மாறியது. "இது நான் வெளியில வாங்கினது" என்றார். முந்தின நாள்வரை இருந்த கொத்தனார் எங்கே போனார் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. கடைப் பையனைக் கூப்பிட்டு என்னை வெளியே போகச் சொன்னார்.

இந்தக் கேள்வியைத்தான் எல்லாரும் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் அடகுத் தொழிலுக்கு 1943லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. லைசென்ஸ் வேண்டும், வைப்பவருக்குச் சீட்டு கொடுக்க வேண்டும். சீட்டிலேயே 'கெடு ஒரு வருஷம் ஏழு நாள்' என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கெடு தாண்டினாலும் கடைக்காரர் இஷ்டத்துக்கு எடுத்து அலமாரியில் வைத்து விற்க முடியாது, பொது ஏலத்தில்தான் விட வேண்டும். அடகுக் கடை நகை ஏல அறிவிப்பு பேப்பரில் வருவது அதற்காகத்தான். ஆக, மழைக்காலத்தில் வைத்த மிஷின் அடுத்த கோடைக்குள் அலமாரிக்கு வந்துவிட்டது என்றால், ஒன்று கதை பொய், இல்லை விற்பனை தப்பு. இரண்டில் எதுவாக இருந்தாலும் நமக்கு ஆகாது.

கதை உண்மையாகவே இருந்தாலும் இன்னொரு ஆபத்து இருக்கிறது. சைட்டில் மிஷின் திருடு போவது சென்னையில் தினமும் நடக்கிற விஷயம். திருடியவன் அதை எங்கே கொண்டுபோவான்? 1930ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டப்படி, விற்றவனுக்கு உரிமை இல்லாத பொருளை நாம் காசு கொடுத்து வாங்கினாலும் நமக்கு உரிமை வராது. உண்மையான சொந்தக்காரர் போலீஸோடு வந்தால் மிஷினைக் கொடுத்துவிட்டுக் கை வீச வேண்டியதுதான். திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்கினால் ஐபிசிக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 317ஆம் பிரிவில் வழக்கே வரும். பில் இல்லாமல் பாதி விலைக்கு வாங்கியவன், எனக்குத் தெரியாது என்று ஸ்டேஷனில் சொல்லிப் புரியவைப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மொபைல் என்றால் ஐஎம்இஐ நம்பரை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போட்டுப் பார்க்கலாம். மிஷினுக்கு அப்படி ஒன்றும் இல்லை.

சிலர் தொழிலுக்கு வாங்கினால் கன்ஸ்யூமர் கோர்ட் போக முடியாது என்று சொல்லி உங்களை அடக்கப் பார்ப்பார்கள். என்னையும் அப்படித்தான் சொல்லி அனுப்பினார்கள். தப்பு. சொந்தமாகத் தொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. பொருளுக்குக் கொடுத்த காசு ஐந்து லட்சம் வரைக்கும் என்றால் கட்டணமும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் செய்து புகாரைப் பதிவு செய்யலாம். ஆனால் கையில் ஆதாரம் வேண்டும். நான் ஜிபே ஸ்கிரீன்ஷாட், எஸ்டிமேட் தாள், பாய் பிரித்துவைத்த பாகங்களின் போட்டோ, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றையும் வைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன். பணம் போனது வேறொருவர் அக்கவுண்ட் என்பதைத்தான் அந்தக் கடைக்காரர் இப்போது பிடித்துக்கொண்டிருக்கிறார். கடைப் பெயர் வராத கியூஆர் என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பழைய மிஷினே வாங்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். எல்லாராலும் புதுசு வாங்க முடியாது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கிடைக்கிறது, ஆள் பழக்கம் இருந்தால் வைண்டிங் கடைகளிலும் கிடைக்கிறது. எங்கே வாங்கினாலும் வெறும் காற்றில் ஓட்டிக் காட்டினால் போதாது. கான்கிரீட்டில் தொடர்ந்து பத்து நிமிஷமாவது ஓட்டச் சொல்லுங்கள். உடம்பு நன்றாகச் சூடேறட்டும், அப்புறமும் அடி விழுகிறதா என்று பாருங்கள். காற்றுத் துவாரத்தில் வெளிச்சம் படாமல் கையை நிழலாகப் பிடித்து உள்ளே பாருங்கள்: கார்பன் பிரஷ் நுனியில் சின்னதாகப் பொறி இருந்தால் பரவாயில்லை, கம்யூட்டேட்டரைச் சுற்றி வளையமாக ஓடினால் ஆர்மேச்சர் போய்விட்டது. சுவிட்சை விட்டதும் சத்தமில்லாமல் சுற்றி நிற்க வேண்டும், கரகரவென்றால் பேரிங். பெயர்ப் பட்டையில் இருப்பதை அப்படியே கூகுளில் போடுங்கள். மக்கிட்டா எச்.ஆர். 2470 என்றால் 780 வாட்ஸ், கான்கிரீட்டில் 24 எம்.எம்.; பட்டையில் வேறு கணக்கு இருந்தால் ஸ்டிக்கர் டூப்ளிகேட். பாஷ் மிஷினில் பத்து இலக்க நம்பர் இருக்கும், அதை வைத்து எந்த மாடல், என்னென்ன பாகம் என்று படத்தோடு பார்க்கலாம். விற்பவர் மிஷினைப் பிரிக்கவே கூடாது என்றால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். கிளட்ச் மட்டும் கடையில் சோதித்துப் பார்க்கிற விஷயம் இல்லை, விபரீதம் ஆகிவிடும். அதை மெக்கானிக் கையில் கொடுத்துப் பிரித்துப் பார்த்த பிறகுதான் சைட்டுக்கு எடுத்துப் போக வேண்டும்.

சீசனுக்கு மட்டும் வேண்டுமென்றால் நாள் வாடகைக்கே எடுக்கலாம். நான் இப்போது அப்படித்தான் ஓட்டுகிறேன்.

கஷ்டத்துக்கு மிஷினை அடகு வைக்கப் போகிற தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. வைக்கும் முன் பெயர்ப் பட்டையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டில் வெறும் 'டிரில் மிஷின்' என்று எழுத விடாதீர்கள். கம்பெனி, மாடல், சீரியல் நம்பர் மூன்றும் சீட்டில் ஏறினால்தான், நீங்கள் வைத்த மிஷினே திரும்பி வந்ததா என்று பார்க்க முடியும்.