சாகாத கம்பி, தேயும் பலகை: மலிவு டபுள் பாஸில் ஆறு வருட ஸ்பைரோகோர்

"டபுள் பாஸ் வாங்கியாச்சு. ப்ளைவுட்தான். கூட வந்த கம்பி தகரத்தைத் தட்டுற மாதிரி இருக்கு. எதைப் போடலாம்?" என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். டபுள் பாஸ் என்றால் வயலின் வம்சத்தின் ஆகப் பெரிய கருவி. பாஸ் வாசிக்கிற யாரைக் கேட்டாலும் முதலில் வாயில் வரும் கம்பியின் பெயர் ஸ்பைரோகோர். தப்பான பதில் இல்லை, பாதிப் பதில். பெயரில்லாத ஒரு முக்கால் அளவு (பெரும்பாலோர் வாசிப்பது இந்த அளவுதான்) ப்ளைவுட் பாஸில் ஸ்பைரோகோர் மிட்டெல் செட் ஒன்று ஆறு வருடமாகக் கிடக்கிறது. இன்றைக்கும் அது செத்துப்போகவில்லை. போன மாதம் பாஸ் பட்டறைக்குப் போனது கம்பிக்காக இல்லை, கம்பி தின்ற ஃபிங்கர் போர்டுக்காக, அதாவது விரலால் கம்பியை அழுத்துகிற பலகைக்காக.

ஸ்பைரோகோரை வியன்னாவின் தொமாஸ்டிக்-இன்ஃபெல்ட் செய்கிறது. 1919-இல் தொடங்கிய கம்பெனி. நடுவில் ஒற்றைக் கம்பி கிடையாது; மெல்லிய எஃகு இழைகளை வடம் மாதிரி முறுக்கி, அதன் மேல் குரோம் நாடாவைச் சுற்றியிருப்பார்கள். இது சாகாமல் இருப்பதற்குக் காரணமும் இதுதான். குரோம் வியர்வைக்குச் சட்டென்று கருக்காது. உள்ளே ஈரம் குடிக்கிற பொருளே கிடையாது. ஆட்டுக்குடல் தந்தி அப்படியில்லை. மழைக்காலம் வந்தால் சுருதி ஓடும், வெயிலில் காய்ந்தால் பிரி விடும். கடற்கரை ஊரில் குடல் தந்தி போடுவது தனிக் காதல், அதற்கு மனசும் காசும் வேண்டும். செயற்கை இழைத் தந்தி நடுவில் நிற்கிறது. மாட்டிய முதல் வாரம் முழுக்க இழுத்துக்கொண்டே போகும், பிறகு அடங்கும். ஆனால் எஃகு அளவுக்கு ஆயுள் எதிர்பார்க்க முடியாது.

புது ஸ்பைரோகோர் முதல் இரண்டு மூன்று மாதம் காதைக் கிழிக்கும். விரலை எடுத்தால் சிணுங்கல், இடம் மாற்றினால் கீச்சு, ஸ்வரம் நிறுத்தச் சொன்னாலும் நிற்காமல் நீளும். வில் போடுபவருக்கு இன்னும் கொடுமை: ஈ கம்பி (நான்கும் தடிமன் வரிசையில் ஈ, ஏ, டி, ஜி; ஈ-தான் ஆகத் தடி) வில்லைச் சட்டென்று பிடிக்காது, முதலில் ஒரு உறுமல், பிறகுதான் ஸ்வரம். இது கம்பியின் சுபாவம், உங்கள் பாஸின் கோளாறு இல்லை. விரலால் மட்டும் மீட்டுபவருக்கு ஆறாவது மாதத்துக்கு மேல் அந்தச் சிணுங்கல் வடிந்து, அடியில் இருக்கிற கனமான முனகல் மட்டும் மிஞ்சும். அதற்காகத்தான் இத்தனை பேர் இதைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். அந்த முனகலைக் கேட்டபிறகு, கூட வந்த கம்பியைக் குப்பையில் போட மனசு உறுத்தாது.

மிட்டெல் என்றால் நடுத்தர இழுவை, வைஹ் என்றால் மென்மையானது. ப்ளைவுட் பாஸுக்கு வைஹ் வாங்குங்கள். கம்பி இறுகினால் சத்தம் கூடும் என்பது ஓரளவுக்குத்தான் உண்மை. நான்கு கம்பியின் மொத்த இழுவை நூறு கிலோவைத் தாண்டும். அதில் ஒரு பங்கு, கம்பிகளைத் தாங்கி நிற்கிற பிரிட்ஜ் வழியாக, பாஸின் மேல்பலகையை அழுத்துகிறது. கனமாக ஒட்டிய ப்ளைவுட்டை மேலும் அழுத்தினால் அது அதிர மறுத்து அமுங்கிப் பேசும். மென்மையான செட்டில் ஈ கம்பிக்கு மூச்சு வருகிறது, இடது கைக்கும் நிம்மதி.

கம்பி எதனால் சாகிறது என்று கேட்டால் வயதைச் சொல்வார்கள். மலிவு பாஸில் பெரும்பாலும் கொலை. மூன்று இடத்தில் நடக்கும்: நட் (ஃபிங்கர் போர்டின் மேல் முனையில் கம்பிகள் பதிகிற சின்னத் துண்டு), பிரிட்ஜ், முறுக்கும் அச்சு. நட்டின் காடிகளை வெட்டியவர் எதில் வெட்டினாரோ, அடி தட்டையாக, விளிம்பு கூராக இருக்கிறது. ஜி கம்பியின் தடிமன் ஒன்றரை மி.மீ-க்குச் சற்றுக் குறைவு, ஈ கிட்டத்தட்ட மூன்று. காடி இதைவிடக் குறுகலாக இருந்தால் கம்பி உள்ளே சிக்கும். சுருதி ஏற்றும்போது நகராது, பிறகு "டிக்" என்று ஒரு சத்தத்தோடு குதிக்கும். ஒவ்வொரு குதிப்பிலும் மேல்சுற்று நாடா ஒரு இடத்தில் விலகுகிறது. சில மாதத்தில் அந்த இடத்தை நகத்தால் தடவினால் படி மாதிரி தட்டும். அவ்வளவுதான், அந்தக் கம்பி முடிந்தது. குறை சொல்வது மட்டும் கம்பியை.

சரிசெய்ய அரை நாள் போதும். கம்பியின் தடிமனுக்குச் சரியான வட்ட அரம் இருந்தால் நல்லது. இல்லையென்றால் பழைய கம்பித் துண்டில் 320 நம்பர் உப்புத்தாளைச் சுற்றி இழையுங்கள், பிறகு 600. காடியின் அடி அரைவட்டமாக இருக்க வேண்டும். ஃபிங்கர் போர்டு பக்க விளிம்புதான் உயரம், அங்கிருந்து முறுக்கிப் பெட்டியை நோக்கிச் சரிவு. கம்பியின் பாதித் தடிமனுக்கு மேல் காடிக்குள் புதையக் கூடாது. உயரம் பார்க்க ஜி கம்பிக்கடியில், நட்டை ஒட்டி, ஒரு விசிட்டிங் கார்டை நுழையுங்கள். ஒன்று நுழைய வேண்டும், இரண்டு நுழைந்தால் இன்னும் இறக்கலாம். அதற்கும் கீழே இறக்கிவிட்டால் விரல் வைக்காத வெறும் கம்பியே பலகையில் தட்டி இரையும். புது நட் போடுவதைத் தவிர வழியில்லை. ஆகவே இழைப்பதைப் பாதியில் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கடைசியில் காடிக்குள் 2பி பென்சிலைக் கருப்பாகத் தேய்த்துவிடுங்கள். பிரிட்ஜ் காடிக்கும் இதே வைத்தியம்.

முறுக்கும் அச்சில் உள்ள துளையை யாரும் பார்ப்பதில்லை. விரலை விட்டுப் பாருங்கள், பிளேடு மாதிரி இருக்கும். கம்பி அங்கேதான் மடங்குகிறது. பெரிய துரப்பண முனை ஒன்றைக் கையாலேயே இரண்டு சுற்றுச் சுற்றினால் விளிம்பு மழுங்கும்.

மாட்டும்போது ஒரே நேரத்தில் நான்கையும் கழற்றாதீர்கள். பிரிட்ஜ் விழும், அதைத் தொடர்ந்து பாஸுக்கு உள்ளே நிற்கிற சவுண்ட் போஸ்ட் என்கிற மரக்குச்சியும் விழக்கூடும். விழுந்த போஸ்ட்டை மேல்பலகையில் உள்ள எஃப் வடிவத் துளை வழியாக நிறுத்துவது பழகாத கைக்கு ஆகிற காரியமில்லை. முதலில் பிரிட்ஜின் கால்கள் இருக்கும் இடத்தைப் பென்சிலால் லேசாகக் குறித்துக்கொண்டு, ஒரு கம்பி கழற்றி, அதற்குப் புதிது போட்டு, ஓரளவு சுருதிக்கு ஏற்றிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். கம்பி தன் போக்கில் சுழல இடம் கொடுங்கள். முறுக்கிக்கொண்ட நிலையில் இறுக்கினால் மேல்சுற்று தளரும், புதுக் கம்பியே மந்தமாகப் பேசும். அச்சில் மூன்று நான்கு சுற்றுப் போதும், கடைசிச் சுற்று பெட்டியின் சுவரை உரசக் கூடாது. நுனி நீளமாக இருக்கிறதென்று வெட்டத் தோன்றினால், முதலில் தொண்ணூறு பாகையில் மடக்கி, மடிப்புக்கு அப்பால் வெட்டுங்கள். நேராக வெட்டினால் வடம் பிரியத் தொடங்கிவிடும்.

சுருதி ஏற ஏற பிரிட்ஜின் தலை ஃபிங்கர் போர்டு பக்கம் சாயும். டெயில்பீஸை (கம்பிகளின் கீழ் முனை மாட்டியிருக்கிற துண்டு) பார்க்கிற பிரிட்ஜ் முகம் மேல்பலகைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்திருந்தால் கம்பியைக் கொஞ்சம் தளர்த்தி, இரண்டு கட்டை விரலாலும் தலையைப் பின்னுக்குத் தள்ளுங்கள். இதை விட்டுவிட்டால் மலிவு பிரிட்ஜ் ஒரு கோடைக்குள் வாழைப்பழம் மாதிரி வளைந்துவிடும்.

வில்லில் தேய்க்கிற பிசினான ராசின் விஷயத்தில் ஒரு வார்த்தை. பாஸுக்கான ராசின் மென்மையானது. அதிலும் பாப்ஸ் மாதிரி ரகங்கள் மூடாத டப்பாவில் சித்திரை வெயிலில் வைத்தால் வெல்லப்பாகு மாதிரி வழியும். அது கம்பியின் சுற்றிடுக்கில் ஏறிக் காய்ந்தால் கம்பி செத்த மாதிரியே பேசும். ஒவ்வொரு முறையும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தாலே போதும். ஸ்பிரிட் போட்டே ஆக வேண்டும் என்றால் துணியில் இரண்டு சொட்டு மட்டும், கம்பிக்கடியில் அட்டை வைத்துக்கொண்டு. வார்னிஷில் ஒரு துளி விழுந்தாலும் தழும்புதான். செயற்கை இழைத் தந்திக்கு ஸ்பிரிட்டே வேண்டாம்.

கம்பி உண்மையிலேயே செத்துவிட்டதா என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. கம்பியின் சரிபாதியில் அழுத்தாமல் லேசாகத் தொட்டு, ஹார்மோனிக் என்கிற மணி மாதிரியான மேல் ஸ்வரத்தை எடுங்கள். அதே இடத்தில் அழுத்தி வாசியுங்கள். இரண்டும் ஒரே சுருதியில் நின்றால் கம்பிக்கு உயிர் இருக்கிறது. விலகி நின்றால் கம்பியின் கனம் எங்கோ சீரில்லாமல் போய்விட்டது, இனி எந்த இடத்திலும் சுருதி சுத்தமாக நிற்காது. ஆறு வருட ஸ்பைரோகோர் இந்தச் சோதனையில் இப்போதும் தேறுகிறது. ஜி கம்பியில் ஸ்வரம் நீளும் நேரம் கொஞ்சம் குறைந்திருக்கிறது, அவ்வளவே. வில்லே கதி என்றிருப்பவர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அவர்களுக்கு வில் பிடிக்கும் வேகம்தான் முக்கியம், அது ஒன்றிரண்டு வருடத்திலேயே மழுங்கிவிடும்.

இனி எரிச்சலுக்கு வருகிறேன்.

மலிவு பாஸின் ஃபிங்கர் போர்டு கருப்பாக இருக்கும், ஆனால் கருங்காலி இல்லை. வேறு ஏதோ வெளிர் மரத்துக்குச் சாயம். இடது கை விரல் நுனி கருப்பானால் அதுதான் அடையாளம். அந்த மென்மையான மரத்தின் மேல் எஃகு வடத்தை வைத்து நாள்தோறும் அழுத்தி, வைப்ரேட்டோ போட்டு உருட்டினால் என்ன ஆகும்? ஜி-க்கும் டி-க்கும் அடியில், முதல் சில நிலைகளில், வண்டித்தடம் மாதிரி பள்ளம் விழுகிறது. மெல்லிய கம்பி என்பதால் ஜி-யின் தடம்தான் ஆழம். பள்ளத்துக்குள் கம்பி இறங்கியதும் அதற்கு முன்னால் இருக்கும் மேட்டில் இரையும். முதலில் ஒரு ஸ்வரத்தில், பிறகு மூன்றில். பிரிட்ஜை உயர்த்தினால் கொஞ்ச நாள் அடங்கும். பலகை முனையில் ஜி 5 அல்லது 6 மி.மீ, ஈ 8 அல்லது 9 மி.மீ இருந்தால் எஃகுக் கம்பிக்கு நியாயமான உயரம். இரைச்சலுக்குப் பயந்து ஜி-யை 9-க்கு ஏற்றினால் வாசிக்கிறவர் கை வீங்கும், பள்ளம் இன்னும் வேகமாக ஆழமாகும்.

கம்பியையே அளவுகோலாக வைத்துப் பார்க்கலாம். நட்டிலும் பலகையின் கடைசியிலும் அழுத்திப் பிடித்தால், நடுவில் ஜி பக்கம் சுமார் 1 மி.மீ, ஈ பக்கம் சுமார் 2 மி.மீ இடைவெளி சீராக வளைந்து தெரிய வேண்டும். பள்ளம் விழுந்த பலகையில் அது அலை அலையாகத் தெரியும். அப்புறம் முழுப் பலகையையும் சீவுவதுதான் வழி. சீவினால் பலகை தாழும், நட் உயரமாகிவிடும், அதை மறுபடி இழைக்க வேண்டும், பிரிட்ஜையும் இறக்க வேண்டும். மூன்று வேலைக்கும் சேர்த்துக் கூலி. சாயப் பலகை இரண்டு மூன்று சீவலுக்கு மேல் தாங்காது, மெலிந்து வளையும். பத்து வருடம் உழைக்கும் கம்பி என்று கணக்குப் போட்டு வாங்குகிறோம். பலகைக்கு ஆகிற செலவை யாரும் அந்தக் கணக்கில் எழுதுவதில்லை. கோபம் கம்பி மேல் வரக் கூடாது, வர வேண்டியது சாயத்தைக் கருங்காலியாகக் காட்டி விற்பவர் மேல். ஆனாலும் இரைகிறபோது கண்ணில் படுவது கம்பிதான்.

மற்ற ரகங்கள்: விரலும் வில்லும் சரிபாதி என்றால் டடாரியோ ஹெலிகோர் ஹைப்ரிட் சமாதானமான தேர்வு, முதல் நாளிலிருந்தே அடக்கமாகப் பேசும். பிராஸ்ட்ரோவின் ஆப்ளிகாட்டோ, இவா பிராஸி இரண்டும் செயற்கை இழை, குடல் தந்தியின் கதகதப்பு இருக்கும். ஆனால் மலிவு பாஸில் இவா பிராஸி போடுவது சைக்கிளுக்கு அலாய் வீல் போடுகிற மாதிரி. காந்த பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவது) வைத்திருப்பவர்கள் எஃகு நடுவுள்ள கம்பிதான் போட வேண்டும். பிரிட்ஜில் செருகுகிற பீசோ பிக்கப்புக்கு அந்தக் கவலை இல்லை.

பழைய ஸ்பைரோகோருக்கு வெளிநாட்டில் தனிச் சந்தையே உண்டு. சிணுங்கல் வடிந்ததைத் தேடி வாங்குகிறார்கள். வாங்கலாம், ஒன்றை மட்டும் பாருங்கள்: முன்பு கிடந்த பாஸில் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை எவ்வளவு நீளம் என்று கேளுங்கள். முக்கால் அளவு என்ற பெயரில் 104-ம் உண்டு, 107 செ.மீ-யும் உண்டு. நீளமான பாஸில் கிடந்த கம்பி உங்கள் பாஸில் தளர்ந்துதான் இருக்கும், மடிப்பும் அச்சுப் பக்கம் போய்விடும். குட்டையான பாஸில் கிடந்ததென்றால் பழைய மடிப்பு வாசிக்கிற நீளத்துக்குள் வந்து உட்காரும்.

முடிவாக என்ன வாங்குவது? இத்தனை புகழ்ந்த பிறகும் முழு செட் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். கருங்காலிப் பலகை என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். சாயப் பலகைக்கு ஈ, ஏ இரண்டும் ஸ்பைரோகோர் வைஹ், டி, ஜி இரண்டும் செயற்கை இழை. அவை தடிமனானவை, அழுத்தம் அகலமாகப் பரவுகிறது, தடம் அவ்வளவு சீக்கிரம் விழாது. தடிமன் கூடுவதால் அந்த இரண்டு காடிகளையும் மறுபடி அகலப்படுத்த வேண்டும், மறக்காதீர்கள். கம்பி வாங்குவதற்கு முன்பே நட் வேலையை முடித்துவிடுங்கள், அதைச் செய்யாமல் எந்தக் கம்பி போட்டாலும் தண்டம். செயற்கை இழை ஒன்றரை இரண்டு வருடத்தில் போய்விடும்தான். போகட்டும், மாற்றிக்கொள்ளலாம்.

கழற்றிய டி-யையும் ஜி-யையும் ஒரு அடி விட்டத்துக்குக் குறையாமல் பெரிய வளையமாகச் சுருட்டி, எது எது என்று சீட்டுக் கட்டி, பாஸ் உறையின் பைக்குள் போட்டாயிற்று. ஈ கம்பி அதே இடத்தில்தான் இருக்கிறது. அதை எடுக்கும் எண்ணமில்லை.