48,000 ரூபாய் எஸ்டிமேட் போட்ட கியர் ஜெர்க், 7,000 ரூபாயில் சரியானது

என் வண்டி 2018 மாடல் ஏஎம்டி (கிளட்ச் பெடல் இல்லாமல் தானாகவே கியர் மாறும்) ஹேட்ச்பேக், 68,000 கிலோமீட்டர் ஓடியது. பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டுச் சென்னை திரும்பியதிலிருந்து கியர் மாறும்போது வெட்டி வெட்டிப் போக ஆரம்பித்தது. ஏஎம்டி என்றாலே ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது உடம்பு லேசாக முன்னால் போய் வரும், அது பழகிப்போன விஷயம். இது வேறு மாதிரி. சிக்னலில் கிளம்பினால் சீட்டைப் பின்னாலிருந்து உதைத்தது போல ஒரு உதறல், கூடவே கீழே 'டொக்' என்று ஒரு சத்தம். அம்மாவுக்குக் கழுத்து எலும்புத் தேய்மானம், பின்சீட்டில் உட்கார்ந்து கத்திப்பாரா தாண்டுவதற்குள் "மெதுவாப் போடா" என்று நாலு தடவை சொல்லிவிட்டார்.

முதலில் காட்டிய இடத்தில் ஸ்கேனரை மாட்டினார்கள், எரர் கோடு எதுவும் வரவில்லை. அப்படியும் கிளட்ச் செட், அதை இயக்கும் ஆக்சுவேட்டர் இரண்டையும் மாற்ற வேண்டும் என்று 48,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கையில் கொடுத்தார்கள். ஏன் என்று கேட்டால் "இவ்வளவு ஓடினா அப்படித்தான் சார்" என்றார்கள். ஒருத்தர்கூட வண்டியை ஓட்டிப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

அப்புறம் ஆபீஸ் நண்பர் சொல்லித்தான் போரூர் பக்கம் இருக்கும் ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு வந்தேன். சின்ன இடம், வண்டியைத் தூக்கும் லிஃப்ட் ஒன்றே ஒன்று, மூன்று பேர். பெரிய மெக்கானிக் பானெட்டைத் திறக்கவே இல்லை, சாவியை என்னிடமே கொடுத்து "நீங்க ஓட்டுங்க சார், நான் பக்கத்துல உக்காந்து பாக்குறேன்" என்றார். மெட்ரோ வேலையில் நசுங்கிக் கிடந்த மவுண்ட் பூந்தமல்லி சாலையில் இருபது நிமிடம் ஓட்டினேன், வழி முழுக்கக் கேள்விகள். எல்லா கியரிலும் வெட்டுகிறதா, முதல் இரண்டில் மட்டுமா? காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போதா, சூடான பிறகா? ஏசி போட்டால் அதிகமாகிறதா? கியரே மாறாமல், ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுக்கும்போதும் அந்த 'டொக்' வருகிறதா? கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்றதும், "அப்ப மவுண்ட்டப் பாத்துடுவோம்" என்றார். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் வண்டி பாடியோடு பிடித்து வைக்கும் ரப்பர் தாங்கிதான் மவுண்ட்.

திரும்பி வந்ததும் பானெட்டைத் திறந்து வைத்து, பையன் ஒருவனை உள்ளே உட்காரச் சொல்லி, பிரேக்கை லேசாக மட்டும் விட்டு வண்டி நகரப் பார்க்கும் நிலையில் டி (முன்னால்), ஆர் (ரிவர்ஸ்) என்று மாற்றி மாற்றிப் போடச் சொன்னார். என்னையும் எட்டிப் பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் எஞ்சின் ஒரு பக்கமாகத் தூக்கித் தூக்கிப் போட்டது, கண்ணாலேயே தெரிந்தது. கியர்பாக்ஸ் பக்கத்து மவுண்ட்டில் ரப்பர் கிழிந்து இரும்போடு இரும்பு இடித்துக்கொண்டிருந்தது, கீழே இருக்கும் மவுண்ட்டும் தளர்ந்து போயிருந்தது. ஏஎம்டி என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான், நாம் காலால் மிதிக்கும் கிளட்ச்சையும் கையால் மாற்றும் கியரையும் கம்ப்யூட்டர் சொல்லி ஆக்சுவேட்டர் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். கிளட்ச் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் வரும் இழுப்பை மவுண்ட் ரப்பர்தான் வாங்கிக்கொள்ள வேண்டும், அது கிழிந்தால் அந்த இழுப்பு அப்படியே பாடிக்கு வந்துவிடும் என்று அவர் விளக்கியபோதுதான் எனக்கே புரிந்தது. ஸ்கேனரில் எதுவும் வராததற்கும் அதுதான் காரணம், மவுண்ட்டில் சென்சார் கிடையாதே.

இரண்டு மவுண்ட்டும் கம்பெனி பார்ட், 4,100 ரூபாய். எஞ்சினுக்குள் காற்று போகும் வாயான த்ராட்டில் பாடியில் கரி படிந்திருந்தது, அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய 600, லேபர் 1,500. ஆக்சுவேட்டர் ஆயில் அளவைப் பார்த்தார், சரியாக இருந்தது, அதற்குக் காசு இல்லை. கடைசியாகக் கிளட்ச் லேர்னிங் செய்ய 800. பிளேட் தேயத் தேய கிளட்ச் பிடிக்கும் புள்ளி நகர்ந்துகொண்டே போகும், அது இப்போது எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்கும் வேலை அது. மொத்தம் 7,000.

குறை இல்லாமல் இல்லை. சாயந்திரம் தருகிறேன் என்ற வண்டி பார்ட் வர லேட்டாகி மறுநாள் மதியம்தான் கிடைத்தது, நான் போன் செய்து கேட்கும் வரை தகவல் சொல்லவில்லை. உட்கார்ந்து காத்திருக்க நிழலான இடமும் கிடையாது. கார்டு வாங்குவதில்லை, ஜிபே அல்லது கேஷ்.

வேலை முடிந்து மூன்று மாதம், 2,400 கிலோமீட்டர் ஆகிவிட்டது. அந்த 'டொக்' திரும்ப வரவே இல்லை. ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது ஏஎம்டிக்கே உரிய சின்ன இழுப்பு மட்டும் இருக்கிறது, அது போகாது என்று மெக்கானிக்கே முதல் நாளே சொல்லிவிட்டார். போன மாதம் ஏலகிரி போனோம், 14 கொண்டை ஊசி வளைவையும் மேனுவல் மோடில் ஏறி இறங்கினேன், அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிளட்ச் பிளேட் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும், ஆனால் மேட்டில் நிற்கும்போது பிரேக் போடாமல் ஆக்சிலேட்டரிலேயே வண்டியைப் பிடித்து நிறுத்துகிற பழக்கத்தை விடுங்கள், பிளேட் எரிவதே அதில்தான் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். நான் வருஷக்கணக்காக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன், இப்போது நிறுத்திவிட்டேன்.

போகிறவர்கள் காலை ஒன்பது மணிக்கே போய்விடுங்கள், பத்தரைக்கு மேல் பெரிய மெக்கானிக் லிஃப்ட்டுக்கு அடியில் போய்விட்டால் கூட வந்து ஓட்டிப் பார்க்க நேரம் இருக்காது. சனிக்கிழமை வேண்டாம், சந்து முழுக்க வண்டி நிற்கும்.