பிரின்ஸ்பால் சாரிடம் நீரோட்டம் பார்த்தோம்

கணியம்பாடி பக்கம் எங்கள் நிலத்தில், தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்க்கிற ஒருவர் பேச்சை நம்பி போன வருஷம் 620 அடி போர் போட்டோம். வந்தது கல்மாவுப் புகைதான், அந்தக் கடன் இன்னும் ஓடுகிறது. இந்த முறை வேலூரில் ரிட்டயர் ஆன ஒரு காலேஜ் பிரின்ஸ்பாலைக் கூப்பிட்டோம். பிரின்ஸ்பாலுக்கும் போருக்கும் என்ன சம்பந்தம் என்று மச்சான் சிரித்தான். சார் படித்தது ஜியாலஜி. சுத்தியலோடு ஜவ்வாது மலையெல்லாம் சுற்றி, அப்புறம் வாத்தியாராகி, கடைசியில் ஒரு காலேஜையே நடத்தியவர்.

ஆறு மணி என்றார், ஐந்து ஐம்பதுக்கே வரப்பில் நிற்கிறார். நேர்கோட்டில் நான்கு இரும்புக் கம்பி அடித்து, வெளியே இருக்கிற இரண்டில் கரண்ட் விட்டு, உள்ளே இருக்கிற இரண்டில் வோல்டேஜ் அளக்கிறார். வெளிக்கம்பியைத் தள்ளித் தள்ளி அடிக்க அடிக்க இன்னும் ஆழத்தில் இருப்பது தெரியுமாம். மண் காய்ந்து கிடந்ததால் கம்பி அடியில் உப்புத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். காய்ந்த கருங்கல் என்றால் மீட்டரில் எண் எகிறும், தண்ணீர் நிற்கிற வெடிப்பு என்றால் இறங்கும். ஆனால் களிமண் இருந்தாலும் இறங்கும் என்பதால் மீட்டரோடு விடாமல், ஓடையில் இறங்கிக் கல்லை உடைத்து லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சுண்ணாம்பால் புள்ளி வைத்தார்.

குறை என்றால், கல்லைக் கையில் எடுத்தாலே கிளாஸ் ஆரம்பித்துவிடும். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற வெள்ளைக்காரர் சமாதியில் இருக்கிற கல்லும் நம் பல்லாவரம் கல்லும் ஒரே ஜாதி என்று பார்த்து, 1893-ல் அதற்கு சார்னோக்கைட் என்று பெயர் வைத்தவர் தாமஸ் ஹாலண்ட். அவரும் ஜியாலஜிஸ்ட்தான், பின்னாளில் லண்டன் இம்பீரியல் காலேஜுக்குத் தலைவர், 1929-லிருந்து எடின்பரோ பல்கலைக்கழகத்துக்குப் பிரின்ஸ்பால். "கல்லு உடைச்சவன் காலேஜ் நடத்தக் கூடாதுன்னு சட்டமா?" என்று மச்சானைப் பார்த்துக் கேட்டார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, எனக்கு டீ வேண்டியிருந்தது.

சரி, ரிசல்ட். 190 அடியில் மாவு ஈரமாக வந்தது, 240-ல் ஒன்றரை இன்ச் தண்ணீர். போர் வண்டிக்காரர் 500 வரை ஓட்டலாம் என்று ஆசை காட்டினார், அவருக்கு அடிக்கு இவ்வளவு என்று காசு. சார் போனிலேயே 280-ல் நிறுத்தச் சொல்லிவிட்டார்.

4,000 ரூபாய் வாங்கினார். தண்ணீர் வராவிட்டால் காசு திரும்பாது என்பதை முதல் போனிலேயே சொல்லிவிடுவார். ரிப்போர்ட் கையெழுத்தில் தருகிறார், அதைப் படிக்க அவரையே கூப்பிட வேண்டும். கம்பி பிடிக்க இரண்டு ஆள் நேரத்துக்கு இருக்கட்டும். இருபது நிமிஷம் லேட்டாக வந்த மச்சானை, வேலை முடியும்வரை உட்கார விடவில்லை.