உள்ளூர் ஒதுக்கீடா, சுழற்சி ஒதுக்கீடா? லினக்ஸ் கர்னலின் நூமா கொள்கைகள்

இரண்டு செயலிகள் கொண்ட சர்வரில் நினைவகம் ஒரே திரளாக இருப்பதில்லை. ஒவ்வொரு செயலியும் தன்னோடு நேரடியாக இணைந்த நினைவகத்தைச் சேர்த்து ஒரு நோடாக அமைகிறது; இந்த அமைப்பின் பெயர்தான் நூமா. அடுத்த நோடின் நினைவகத்தை எட்ட, செயலிகளுக்கு இடையேயான இணைப்பைக் கடந்தாக வேண்டும். நினைவகத்தின் புதிய பக்கத்தை, அதாவது அது பங்கிடப்படும் சிறு துண்டை, எந்த நோடில் வைப்பது என்பதற்கு லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் தரும் வழிகளில் எதைத் தேர்கிறோம் என்பதைப் பொறுத்து, அதே நிரலின் வேகம் கணிசமாக மாறுகிறது.

இயல்பு நிலையில் இருப்பது உள்ளூர் ஒதுக்கீடு. நிரல் நினைவகம் கேட்கும் மல்லாக் அழைப்பு, கேட்கும் அளவு பெரிதானால், முகவரிகளை மட்டுமே தருகிறது. ஒரு த்ரெட் (நிரலுக்குள் தனியே ஓடும் இழை) அங்கே முதன்முதலாக எழுதும்போதுதான் உண்மையான பக்கம், அந்த த்ரெட் ஓடும் செயலியின் நோடிலிருந்து எடுக்கப்படுகிறது. சிறிய, தனித்தனி நிரல்கள் பல ஓடும் சர்வருக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை என்பதே என் கருத்து. ஆனால் முதன்மை த்ரெட் மட்டுமே ஒரு பெரிய அணி (தரவு வரிசை) முழுவதையும் பூஜ்ஜியமாக்கிவிட்டு, பிறகு கணக்கீட்டை எல்லாச் செயலிகளுக்கும் பிரித்துக் கொடுத்தால், தரவு முழுவதும் ஒரே நோடில் குவிந்து மற்றவை தொலைவிலிருந்து படிக்க நேரும். அங்கே திருத்த வேண்டியது கர்னலை அல்ல. அணியைத் தொடங்கி வைக்கும் வேலையையும் அதே த்ரெட்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

சுழற்சி ஒதுக்கீடு பக்கங்களை நோடுகளுக்கு முறைவைத்துப் பங்கிடுகிறது. இரண்டு நோடுகளில் ஏறத்தாழ பாதி அணுகல்களும், நான்கில் முக்கால் பங்கும் தொலைவுக்குச் செல்லும். கணக்கில் இது இழப்புதான். ஆயினும் நினைவகத்தின் பெரும்பகுதியை ஒரே தரவுத்தளம் எடுத்துக்கொள்ளும் சர்வரில் இதுவே பாதுகாப்பானது. ஒரு நோடு நிரம்பி, மற்றொன்றில் இடமிருந்தும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் ஸ்வாப்புக்கு (வட்டில் உள்ள மாற்று இடத்துக்கு) தள்ளப்படும் சிக்கலை ஜெரமி கோல் 2010இல் விளக்கி, தீர்வாக முன்வைத்தது நூமாசிடிஎல் கட்டளை வழியே சுழற்சி ஒதுக்கீட்டைத்தான்.

குறிப்பிட்ட நோடுகளோடு கட்டிப்போடும் கொள்கை மிகவும் கடுமையானது. அவற்றில் இடம் தீர்ந்தால், வேறிடத்தில் நினைவகம் காலியாக இருந்தாலும் கர்னல் அதைத் தொடாது, நிரலே கொல்லப்படலாம். செயலியோடு பிணைக்கப்பட்ட மெய்நிகர் இயந்திரங்களுக்கு அப்பால் இதை நான் பரிந்துரைப்பதில்லை.

பக்கங்களின் இடத்தைக் கர்னலே சரிசெய்யும் தானியங்கிச் சமநிலைப்படுத்தலுக்கு 2012இல் கர்னல் உருவாக்குநர்களின் இரண்டு வடிவங்கள் போட்டியிட்டன: ஆண்ட்ரியா ஆர்காஞ்செலியுடையது ஒன்று, பீட்டர் ஸைல்ஸ்ட்ராவுடையது மற்றொன்று. மெல் கோர்மன் அமைத்த அடித்தளம் 2013இல் வெளியான 3.8 பதிப்பில் இடம்பெற்றது. பக்கங்களின் அணுகல் அனுமதியை அவ்வப்போது நீக்கி, எந்தச் செயலி தொடுகிறது என்று கண்டறிந்து, பக்கத்தையோ நிரலையோ இன்றைய தானியங்கிச் சமநிலைப்படுத்தல் நகர்த்துகிறது. எல்லா நோடுகளிலிருந்தும் சமமாகத் தொடப்படும் தரவுக்குச் சரியான இடமென்று ஒன்று இல்லாததால், அங்கே இந்தக் கண்காணிப்பு வெறும் செலவாகிவிடுகிறது.

2024இல் 6.9 பதிப்போடு வந்த எடையிட்ட சுழற்சி, பங்கீட்டைச் சமமாக்காமல் ஒவ்வொரு நோடின் அலைவரிசைக்கு (நொடிக்கு எவ்வளவு தரவு தர முடியும் என்ற அளவுக்கு) ஏற்ற விகிதத்தில் செய்கிறது. செயலியே இல்லாத, சிஎக்ஸ்எல் என்ற இணைப்பு வழியே சேர்க்கப்படும் நினைவகத்தை நோடாகக் காட்டும் சர்வர்களில், முதலில் தொட்டவரின் நோடில் வைக்கும் விதி உள்ளூர் நோடில் இடம் இருக்கும்வரை அந்த நினைவகத்தைத் தேர்வதில்லை. எடையிட்ட பங்கீடு அதன் அலைவரிசையையும் வேலைக்குக் கொண்டுவருகிறது.