'கிளேசியர் பே' என்று சொல்லி விற்றார்கள்: அலாஸ்கா குரூப் டூர் ஏஜென்ட்டுகளிடம் கவனம்

வருகிற கோடையில் ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைத்து அலாஸ்கா கப்பலில் கூட்டிப் போகலாம் என்று நினைக்கும் அமெரிக்கத் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். "இந்தியன் குரூப், சுத்த சைவச் சாப்பாடு, தமிழ் பேசும் வழிகாட்டி" என்று வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிற பேக்கேஜ்களில் ஒன்றில் நாங்கள் போய் வந்தோம். கப்பலைக் குறை சொல்ல எதுவும் இல்லை. விற்ற ஆள் சொன்னது ஒன்று, கிடைத்தது வேறொன்று. எங்கள் குழுவில் வந்த ஒரு வயதான தம்பதிக்கோ கப்பலில் ஏறவே வழியில்லாமல் போயிற்று.

அலாஸ்காவுக்குப் போகிற பெரிய கப்பல்கள் எல்லாமே ஜூனோ, ஸ்காக்வே, கெட்சிகன் என்று ஏறத்தாழ அதே ஊர்களைத்தான் சுற்றுகின்றன. வித்தியாசம் வருவது பனியாறு (கிளேசியர்) பார்க்கிற அந்த ஒரு நாளில். கிளேசியர் பே என்பது ஒரு தேசியப் பூங்கா. ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். அந்த அனுமதியில் பெரும்பகுதி பிரின்சஸ், ஹாலண்ட் அமெரிக்கா, நார்வீஜியன் ஆகிய மூன்று நிறுவனங்களின் கையில் இருக்கிறது. கப்பல் எங்கும் கரையில் நிற்காது. பூங்கா ரேஞ்சர்கள் சிறு படகில் வந்து கப்பலில் ஏறி, நாள் முழுக்க ஒலிபெருக்கியில் விளக்கம் சொல்லிக்கொண்டே வருவார்கள். மார்ஜரி பனியாற்றின் முகப்பு மட்டும் சுமார் ஒரு மைல் அகலம். அதன் முன்னால் கப்பல் நின்று, இரண்டு பக்கப் பால்கனிக்காரர்களும் பார்க்கும்படி மெதுவாகத் திரும்பும்.

அனுமதி இல்லாத கப்பல்கள் ஹப்பர்ட் பனியாற்றுக்கோ எண்டிகாட் ஆர்ம் என்ற கடற்கழிக்கோ போகும். ஹப்பர்ட் சாமானியப்பட்டதல்ல. 76 மைல் நீளம், கடலோரத்தில் ஆறு மைல் அகல முகப்பு. எண்டிகாட் ஆர்ம் கதை வேறு. முப்பது மைலுக்கு மேல் உள்ளே போகிற குறுகிய கழி, அதன் கோடியில் டாஸ் பனியாறு. மிதக்கும் பனிக்கட்டி அதிகமாக இருந்தால் பெரிய கப்பல் பாதியிலேயே திரும்பிவிடும்.

இதெல்லாம் தெரிந்துதான் ஏஜென்ட்டிடம் நேராகவே கேட்டேன். "கிளேசியர் பே தானே? எண்டிகாட் ஆர்ம் இல்லையே?" பதில் எழுத்திலேயே வந்தது: "நூறு பர்சென்ட் கிளேசியர் பே அண்ணா. ரேஞ்சர் கப்பலுக்குள்ளயே வருவாங்க, அம்மா அப்பாவுக்கு ரொம்பப் பிடிக்கும்." ரேஞ்சர் வரை தெரிந்து வைத்திருக்கிறார் பாருங்கள். அவர் அனுப்பிய பயணத்திட்டத்திலும் கொட்டை எழுத்தில் அதே பெயர்தான்.

முன்பணம் கிரெடிட் கார்டில் வாங்கிக்கொண்டார். மீதியை ஜெல் (Zelle) என்ற, வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் சேவை வழியாக அனுப்பச் சொன்னார். "கார்டுன்னா மூணு பர்சென்ட் கூட ஆகும்ணா, உங்களுக்கு எதுக்கு வீண் செலவு?" குழுவில் எல்லோரும் அப்படித்தான் அனுப்பினார்கள்.

அப்புறம் ஆரம்பித்தது புக்கிங் நம்பர் விளையாட்டு. அந்த நம்பர் இருந்தால்தான் கப்பல் நிறுவனத்தின் தளத்தில் நம் பயணத்தைத் திறந்து பார்க்க முடியும். "குரூப் புக்கிங்ணா, கடைசியிலதான் தருவாங்க" என்று இழுத்துக்கொண்டே போனார். கிளம்ப இரண்டு வாரம்கூட இல்லாத நேரத்தில் நம்பர் வந்தது. அந்தக் கட்டத்தில் ரத்து செய்தால் பெரும்பாலும் ஒரு பைசா திரும்பாது. அவர் கணக்குப் போட்டுத்தான் அனுப்பியிருக்கிறார் என்பது என் கருத்து. திறந்து பார்த்தால் எண்டிகாட் ஆர்ம், டாஸ் பனியாறு என்று இருக்கிறது. கேட்டதற்கு, "ஆப்ல இன்னும் அப்டேட் ஆகலண்ணா" என்றார்.

கிளேசியர் பே பூங்காவின் அதிகாரப்பூர்வத் தளத்தில் ஒவ்வொரு ஆண்டும் எந்தத் தேதியில் எந்தக் கப்பல் உள்ளே வருகிறது என்று அட்டவணை போடுகிறார்கள். அந்தப் பருவம் முழுக்கத் தேடினேன். எங்கள் கப்பலின் பெயர் ஒரு தேதியில்கூட இல்லை. அதைப் படம் பிடித்து அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை.

இனி அந்தத் தம்பதி விஷயம். இதைக் கட்டாயம் படியுங்கள், பனியாற்றைவிட இது முக்கியம்.

சியாட்டிலில் ஏறி சியாட்டிலில் இறங்கும் கப்பல்கள் பெரும்பாலும் கடைசி இரவு கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரம் நிற்கும். இரவில் போய் நள்ளிரவுக்குள் கிளம்பிவிடுகிற ஊரில் என்ன பார்க்க முடியும் என்று கேட்கலாம். அது சுற்றிப் பார்ப்பதற்காக இல்லை. 1886ஆம் ஆண்டின் ஒரு அமெரிக்கச் சட்டப்படி, வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் இப்படி ஒரு சுற்றுப் பயணத்தில் வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றையாவது தொட்டாக வேண்டும். பெரிய குரூஸ் கப்பல்கள் அனேகமாக பஹாமாஸ், பெர்முடா, பனாமா என்று எங்காவது பதிவானவைதான். ஆகவே இந்திய பாஸ்போர்ட்டில் வருகிறவர்களுக்குக் கனடா விசா வேண்டும். அமெரிக்காவின் பத்து வருட விசா இருந்தாலும் வேண்டும். எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்கும் வேண்டும். கிரீன் கார்டு இருந்தால் விசா தேவையில்லை, ஆனால் கார்டும் பாஸ்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும்.

ஏஜென்ட் குழுவில் எழுதியது: "விக்டோரியாவில் இறங்காதவர்களுக்குக் கனடா விசா அவசியம் இல்லை." என் பெற்றோருக்கு டொராண்டோவில் தங்கை வீட்டுக்குப் போவதற்காக எடுத்த விசா கையில் இருந்தது, தப்பித்தோம். கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த அந்தப் பெரியவரும் அவர் மனைவியும் ஏஜென்ட் சொன்னதை நம்பி விசா எடுக்காமல் வந்திருந்தார்கள்.

சியாட்டிலின் பியர் 91 கப்பல் முனையத்தில் எங்களுக்கு முன்னால் அவர்கள் நின்றார்கள். கவுன்ட்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார், மறுபடி முதலிலிருந்து புரட்டினார், பிறகு மேலதிகாரியைக் கூப்பிட்டார். பெரியவர் என் பக்கம் திரும்பி, "தம்பி, நாங்க அங்க கீழயே எறங்கமாட்டோம்னு கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். அந்தப் பெண் தன்மையாகத்தான் பேசினார், விதியில் மட்டும் இளகவில்லை. பெட்டிகளில் கப்பல் அறை எண் அட்டையை ஏற்கெனவே கட்டியிருந்தார்கள். அந்தம்மா குனிந்து அந்த அட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஏஜென்ட்டுக்கு நாங்கள் மூன்று பேர் மாற்றி மாற்றிப் போன் அடித்தோம், எடுக்கவில்லை. அவர்கள் மகன் ஆஸ்டினிலிருந்து விமானம் பதிவு செய்து அன்றிரவே திரும்ப அழைத்துக்கொண்டார். கட்டிய பணத்தில் எதுவும் திரும்பவில்லை. "டாக்குமென்ட் பயணியின் பொறுப்பு" என்று ஏஜென்ட்டின் ரசீதில் சின்ன எழுத்தில் இருக்கிறதாம்.

தமிழ் பேசும் வழிகாட்டி என்று வந்த பையன் ஏஜென்ட்டின் சொந்தக்காரன். பாவம், அவனும் அப்போதுதான் முதல் தடவையாக அலாஸ்கா வருகிறான். ஜூனோவில் மெண்டன்ஹால் பனியாற்றுக்கு எந்த பஸ் என்று என்னிடம் கேட்டான். இந்தியச் சைவச் சாப்பாட்டுக்குத் தலைக்கு ஒரு தொகை தனியாக வாங்கியிருந்தார்கள். சாப்பாட்டு அறையின் தலைமைப் பரிமாறுநர் மும்பைக்காரர். "இதற்கு யாரிடம் பணம் கட்டினீர்கள்? முந்தின நாள் ராத்திரி என்னிடம் சொன்னால் போதுமே, சும்மாவே செய்து தருவோம்" என்று சிரித்தார். பல கப்பல்களில் இதுதான் வழக்கம். பருப்பும் சப்பாத்தியும் தினமும் வந்தது. ரசம் எதிர்பார்க்காதீர்கள்.

எண்டிகாட் ஆர்ம் நாள் விடிந்ததிலிருந்தே மேகம். அப்பா குரங்குக் குல்லாய், அதற்கு மேல் மப்ளர், அதற்கு மேல் என் ஜாக்கெட் என்று ஏறியிருந்தார். இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை, அதில் நூல் நூலாக அருவிகள். பனிக்கட்டிகள் நீலமாக மிதந்து வந்தன. ஒன்றின்மேல் கடல்நாய் ஒன்று குட்டியோடு படுத்திருந்ததை அம்மாதான் முதலில் பார்த்துக் காட்டினார். உண்மையைச் சொன்னால் அந்த இடத்தில் ஒரு குறையும் இல்லை. கொஞ்ச நேரத்தில் கேப்டன் அறிவித்தார்: முன்னால் பனிக்கட்டி அடர்த்தியாக இருக்கிறது, இதற்கு மேல் போகப் போவதில்லை. பனியாறு இன்னும் வளைவுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. அப்போது தனிக்கட்டணம் கட்டியவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு சிறிய சுற்றுலாப் படகு எங்களைக் கடந்து உள்ளே போயிற்று. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏப்பா, நம்மள எப்ப கூட்டிட்டுப் போவாங்க?" என்றார். அந்தக் கேள்விக்கு ஏஜென்ட்தான் பதில் சொல்ல வேண்டும்.

திரும்பி வந்ததும் அவர் பேசிய பேச்சு: "கேப்டன் கடைசி நேரத்துல ரூட்டை மாத்திட்டாருண்ணா, நான் என்ன பண்றது?" பொய். கேப்டன் மாற்றியது எண்டிகாட் ஆர்முக்குள் எவ்வளவு தூரம் என்பதை மட்டும்தான். கப்பல் ஒப்பந்தத்தில் வானிலை, பாதுகாப்பு காரணமாக வழியை மாற்றக் கப்பல் நிறுவனத்துக்கு உரிமை உண்டு, அதற்கு நஷ்ட ஈடு கேட்க முடியாது. ஏஜென்ட் அதைத் தனக்குக் கேடயமாகப் பிடிக்கிறார். அந்தக் கப்பலுக்குக் கிளேசியர் பே என்ற நாளே விற்கப்படவில்லை என்பதுதான் விஷயம்.

கார்டில் கட்டிய முன்பணத்துக்கு வங்கியில் டிஸ்ப்யூட் (பணத்தைத் திருப்பித் தரக் கோரும் ஆட்சேபம்) போட்டேன். அவர் கைப்பட எழுதிய செய்தி, அவர் கொடுத்த பயணத்திட்டம், கப்பல் நிறுவனத்தின் பயணத்திட்டம், பூங்கா அட்டவணை எல்லாவற்றையும் இணைத்தேன். அந்தத் தொகை திரும்ப வந்தது. ஸ்டேட்மென்ட் வந்து 60 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும் என்பது சட்டத்தில் உள்ள கெடு, தள்ளிப்போடாதீர்கள். ஜெல்லில் அனுப்பிய பெருந்தொகை போனது போனதுதான். நாமே விரும்பி அனுப்பிய பணம் என்று வங்கி கைவிரித்துவிட்டது. மூன்று பர்சென்ட் மிச்சம் பிடித்துத் தருகிறேன் என்று ஏஜென்ட் சொன்னால், அவர் யாருடைய நலனை நினைக்கிறார் என்று யோசியுங்கள்.

நிறுவனம் எது நல்லது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், வயதான பெற்றோரோடு போகிறவர்கள் நீர்ச்சறுக்கு, கார் ரேஸ், ஷோ என்றெல்லாம் பார்க்க வேண்டாம். முதலில் பனியாறு எது என்று பாருங்கள், அப்புறம் எங்கே ஏறுகிறோம் என்று பாருங்கள். சியாட்டில் கப்பல்கள் வான்கூவர் தீவுக்கு மேற்கே திறந்த கடலில் போகும், ஆட்டம் இருக்கும், அம்மாவுக்கு முதல் நாள் முழுக்கத் தலைசுற்றல். வான்கூவரில் ஏறுகிற கப்பல்கள் தீவுகளுக்கு நடுவே உள்கடல் வழியாகப் போகின்றன, ஆட்டம் குறைவு, காட்சியும் அதிகம். அதிலும் வான்கூவரிலிருந்து அலாஸ்காவின் விட்டியர் அல்லது சூவர்ட் வரை ஒரு வழியாகப் போகும் பயணங்களில் பிரின்சஸ், ஹாலண்ட் அமெரிக்கா கப்பல்கள் பல கிளேசியர் பேயையும் சேர்த்துக் காட்டுகின்றன. விமான டிக்கெட் கூடுதலாகும், கனடா விசாவும் எப்படியும் வேண்டும். ராயல் கரீபியனும் செலிப்ரிட்டியும் வழக்கமாக ஹப்பர்ட் அல்லது எண்டிகாட் ஆர்ம். இரண்டில் ஒன்றென்றால் நான் ஹப்பர்ட் பக்கம்தான்.

கனடா விசா கிடைக்காதவர்களுக்கும் வழி இருக்கிறது. ஜூனோவிலேயே ஏறி இறங்குகிற சிறிய அமெரிக்கக் கொடிக் கப்பல்கள் உண்டு, கனடாவைத் தொடாது. விலையைக் கேட்டால் மயக்கம் வரும், அது வேறு.

கெட்சிகன் என்று போட்டிருந்தால் எந்தத் துறை என்றும் கேளுங்கள். சில கப்பல்கள் ஊரிலிருந்து சில மைல் தள்ளி வார்டு கோவ் என்ற இடத்தில் நிற்கின்றன, அங்கிருந்து பஸ்ஸில்தான் ஊருக்கு வர வேண்டும். முட்டிவலி உள்ளவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. குடையும் எடுத்துப் போங்கள், கெட்சிகன் மழைக்குப் பேர்போன ஊர்.

ஏஜென்ட் வழியாகத்தான் போவேன் என்றால், பணம் கட்டிய அன்றே கப்பல் நிறுவனத்தின் புக்கிங் நம்பரை வாங்கி நீங்களே தளத்தில் திறந்து பாருங்கள். தர முடியாது என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கலிஃபோர்னியா, வாஷிங்டன், ஃபுளோரிடா, ஹவாய் மாநிலங்களில் பயணம் விற்பவர்கள் மாநிலத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், பதிவு எண்ணைக் கேட்கலாம். நாங்கள் இருக்கும் டெக்சாஸில் அப்படி ஒரு பதிவு கிடையாது. அதனால் மாநில அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவில் நானும் அந்தப் பெரியவரின் மகனும் தனித்தனியாகப் புகார் கொடுத்திருக்கிறோம். அது முடியும்வரை ஏஜென்ட்டின் பெயரைப் பொதுவில் போடப் போவதில்லை. இதே பேக்கேஜில் பணம் கட்டிவிட்டுப் புக்கிங் நம்பருக்காகக் காத்திருப்பவர்கள் யாராவது இருந்தால், இன்றைக்கே கப்பலின் பெயரைக் கேட்டு வாங்கிப் பூங்கா அட்டவணையில் தேடிப் பாருங்கள். ரத்து செய்ய இன்னும் நேரம் இருக்கலாம்.